இளைத்த மாட்டுக்கு எள்ளு: எந்தக் கொழுப்பு, எவ்வளவு, எப்போது?

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். அங்கே போய் வந்தவர்களில் யாராவது ஒருவர் ஒவ்வொரு வருடமும் எங்கள் உழவர் கூட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்.

"ஏனுங்கண்ணா, குதிரைக்காரங்க தினமும் எண்ணெய் ஊத்தித்தான் அந்த மினுமினுப்பைக் கொண்டு வர்றாங்களாமே. நம்ம மாட்டுக்கும் ஒரு 200 மில்லி ஊத்துனா பால்ல ஃபேட் ஏறுமில்லீங்க?"

ஏறாது. பெரும்பாலும் இறங்கும். ஆனால் கொழுப்பே மாட்டுக்கு ஆகாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. சரியான மாட்டுக்கு, சரியான நாளில், சரியான உருவத்தில் கொடுத்தால் கொழுப்பைப் போல உதவுகிற தீவனம் வேறில்லை. எதில் எவ்வளவு இருக்கிறது, அது மாட்டின் வயிற்றில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் தேர்ந்தெடுப்பது சுலபம். கடைக்காரர் சொல்வதையோ பக்கத்துத் தோட்டத்துக்காரர் செய்வதையோ பார்த்து வாங்க வேண்டியதில்லை.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். இதை மனிதர்களுக்கான உணவு வைத்தியமாகத்தான் பேசுகிறோம். தீவனத்துக்கும் இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது. எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய். கொள்ளில் கொழுப்பு ஒரு சதம்கூட இல்லை; புரதமும் மாவுச்சத்தும்தான். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும் என்றால் ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். இரண்டே கால் மடங்கு. அதாவது 100 கிராம் எண்ணெய், 225 கிராம் மாவுச்சத்தின் வேலையைச் செய்யும். குறைவாகச் சாப்பிட்டு அதிகம் உழைக்க வேண்டிய உயிருக்குக் கொழுப்பு. வேலை இல்லாமல் சதை போட்ட உயிருக்குக் கொள்ளு.

பாலில் இருக்கும் கொழுப்பு எங்கிருந்து வருகிறது?

வரவு செலவு பார்த்துப் பழகிய எனக்கு இந்தக் கணக்குத்தான் கண்ணைத் திறந்தது. 10 லிட்டர் கறக்கும் ஒரு கலப்பின மாட்டை எடுத்துக்கொள்வோம். பாலில் கொழுப்பு 4 சதம் என்றால் அது ஒரு நாளைக்கு நமக்குக் கொடுக்கும் கொழுப்பு சுமார் 400 கிராம். அது சாப்பிடுவது உலர் எடைக் கணக்கில் 10, 11 கிலோ. சாதாரணத் தீவனத்தில் கொழுப்பு இரண்டரை சதம் இருந்தால் வரவு 250 கிராம்தான். அதிலும் செரிப்பது ஒரு பகுதி. 250 வரவு வைத்துவிட்டு 400 செலவு எழுதுகிறது மாடு. மீதி எங்கிருந்து?

வைக்கோலிலிருந்தும் சோளத்தட்டிலிருந்தும்தான். மாட்டின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்க வைத்து அசெட்டிக் அமிலம் உண்டாக்குகின்றன. காடியில் இருக்கும் அதே அமிலம்தான். அது ரத்தத்தில் கலந்து மடிக்குப் போகிறது. மடி அதை வைத்துப் புதிதாகக் கொழுப்புச் செய்கிறது. பால் கொழுப்பில் ஏறக்குறைய பாதி இப்படி மடியிலேயே தயாராவது. மீதிப் பாதிதான் தீவனக் கொழுப்பிலிருந்தும் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பிலிருந்தும் வருகிறது.

இப்போது 200 மில்லி எண்ணெயை ஊற்றினால் என்ன ஆகும்? எண்ணெய் நாரின் மேல் படலமாகப் படிந்துகொள்கிறது. நுண்ணுயிர்களால் கடிக்க முடியாது. அதோடு கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்ற திரவ எண்ணெய்களில் இருக்கும் கொழுப்பு அமிலங்கள், நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கு நஞ்சு. அந்த நஞ்சை முறிக்கப் பெருவயிறு அவற்றை வேறு உருவத்துக்கு மாற்றப் பார்க்கும். பாதி வழியில் நின்றுபோன சில கொழுப்பு அமிலங்கள் மடிக்குப் போய், அங்கே கொழுப்புத் தயாரிப்பையே நிறுத்துகின்றன. ஆக, எண்ணெயும் செலவு, சொசைட்டியில் ஃபேட்டும் குறைவு.

அளவு மீறிப்போனதை மாடே காட்டிவிடும். வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கும். அசை போடுவது குறையும். நன்றாக இருக்கும் மாடு ஒரு கவளத்துக்கு 50, 60 தடவை மெல்லும், இது 30, 35 தடவையில் விழுங்கிவிடும். சாணி இளகி, மேலே ஒரு பளபளப்புத் தெரியும். கையில் எடுத்துக் கழுவினால் செரிக்காத வைக்கோல் துண்டு நீளம் நீளமாக நிற்கும். கூட்டுறவுச் சங்கச் சீட்டில் ஃபேட் அரைப் புள்ளி இறங்குவது அதற்கும் பிறகுதான்.

குதிரை வயிறு வேறு

குதிரைக்கு அசைபோடும் பெருவயிறு கிடையாது. நம்மைப் போல ஒற்றை வயிறு. சாப்பிட்ட கொழுப்பு சிறுகுடலிலேயே செரித்து உடம்பில் சேர்ந்துவிடும். நாரைப் புளிக்க வைக்கும் இடம் அதற்குப் பின்னால், பெருங்குடல் பக்கம் இருக்கிறது. அதனால் எண்ணெய் அந்த நுண்ணுயிர்களைப் போய்த் தொடுவதில்லை. இன்னொரு சங்கதி: குதிரைக்குப் பித்தப்பையே இல்லை. ஆனாலும் ஈரலிலிருந்து பித்தநீர் நாள் முழுவதும் சொட்டிக்கொண்டே இருப்பதால் கொழுப்பைச் செரிப்பதில் குறை இல்லை. குதிரைக்குத் தானியத்தை அள்ளி வைத்தால்தான் ஆபத்து. செரிக்காத மாவுச்சத்து பின்குடலுக்குப் போய் வயிற்றுவலியும் குளம்பு நோயும் வரும். அதனால் வேலை செய்யும் குதிரைக்குத் தானியத்தின் ஒரு பங்கை எண்ணெயாக மாற்றிக் கொடுப்பது நல்ல யோசனைதான்.

ஆனால் அதுவும் ஒரே நாளில் அல்ல. 50 மில்லியில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் 200 மில்லி வரை ஏற்றலாம். சாணம் இளகினால் ஒரு படி இறங்கிவிட வேண்டும். குதிரைக்குத் தவிட்டை மட்டும் நம்பக்கூடாது. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. நாள் கணக்கில் தவிடே கதி என்று வளர்க்கும் குதிரைக்கு எலும்பு பலவீனமாகி முகத்து எலும்பே வீங்கிப் போகும். பருத்திக்கொட்டை குதிரைக்கு வேண்டாம். பூஞ்சை பிடித்த எதுவும் மாட்டைவிடக் குதிரைக்குச் சீக்கிரம் ஆபத்து. குதிரை வளர்க்கும் நண்பர்கள் நம் வாசகர்களில் குறைவுதான் என்பதால் இதோடு விட்டுவிட்டு மாட்டுக்கு வருகிறேன்.

யாருக்கு வேண்டும்?

கன்று போட்ட மாட்டுக்குத்தான் முதலில். பால் உச்சத்துக்கு வருவது ஆறாவது, எட்டாவது வாரத்தில். தீனி உச்சத்துக்கு வருவதோ பத்தாவது வாரத்துக்கு மேல். இடைப்பட்ட இரண்டு மாதமும் மாடு கடனில் ஓடுகிறது. உடம்பில் சேர்த்து வைத்ததைக் கரைத்துப் பால் கொடுக்கிறது. விலா எலும்பு தெரியும், இடுப்பெலும்பு துருத்தும். நாம் "பால் மாடு, இப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் மாட்டின் உடம்பு இந்தக் கடனை அடைக்காமல் அடுத்த சினைக்கு ஒத்துக்கொள்ளாது. பருவத்துக்கு வராது, வந்தாலும் சினை நிற்காது. ஒரு பருவம் தவறினால் 21 நாள் போயிற்று. மூன்று பருவம் தவறினால் இரண்டு மாதத் தீனி வெறும் செலவு. கன்று போட்டு மூன்று மாதம் வரை கொழுப்புள்ள தீவனம் சேர்ப்பதன் லாபம் பால் அளவில் அவ்வளவாகத் தெரியாது. சினை நிற்கும் தேதியில்தான் தெரியும். இதைக் குறிப்பேட்டில் எழுதி வைக்காதவர்களுக்குத் தெரியவே தெரியாது.

5, 6 லிட்டர் கறக்கும் நாட்டு மாட்டுக்கு இந்தக் கடன் சிறியது. நல்ல மேய்ச்சல், கொழுக்கட்டைப் புல், ஒரு கை புண்ணாக்கு இருந்தால் அது தானே சமாளித்துக்கொள்ளும். 12 லிட்டருக்கு மேல் போகும் கலப்பின மாட்டுக்குத்தான் கவனம் வேண்டும்.

பால் வற்றிய சினை மாட்டுக்குக் கொழுப்புச் சேர்க்காதீர்கள். கன்று போடும்போது அது ரொம்பக் கொழுத்து இருக்கக் கூடாது. கொழுத்த மாடு கன்று போட்டதும் தீனி எடுக்காமல் படுத்துக்கொள்ளும். ஈரலில் கொழுப்புக் கட்டிப் பிறகு மருத்துவர் வர வேண்டியிருக்கும். அங்கேதான் "கொழுத்தவனுக்குக் கொள்ளு".

உழவு மாட்டுக்கு உழவுக் காலத்தில் மட்டும். இப்போது வருடத்தில் எத்தனை நாள் ஏர் பூட்டுகிறோம்? வண்டி மாடும் அப்படித்தான். சும்மா கட்டியிருக்கிற காளைக்குப் பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் கொடுப்பது அவரவர் ஆசை. அதை நான் தீவனக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

பருத்திக்கொட்டையில் தொடங்குகிறேன், ஏனென்றால் கொங்கு நாட்டிலும் மதுரைப் பக்கத்திலும் கன்று போட்ட மாடு என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். எண்ணெய் 18 முதல் 20 சதம், புரதம் 20 சதத்துக்கு மேல், அதோடு நல்ல நார். கொழுப்பு, புரதம், நார் மூன்றும் ஒரே கொட்டைக்குள் இருக்கும் தீவனம் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. எண்ணெய் கொட்டைக்குள் அடைபட்டிருப்பதால், மாடு அசை போட்டு மெல்ல மெல்லத்தான் வெளியே வரும். பெருவயிறு அதைச் சமாளித்துக்கொள்ளும். ஊற்றிய எண்ணெய்க்கும் விதைக்குள் இருக்கும் எண்ணெய்க்கும் வித்தியாசம் இதுதான்.

நம் ஆத்தாக்கள் ஊறவைத்து ஆட்டுரலில் ஆட்டிப் பாலாக்கிக் கொடுத்தார்கள். அரைத்தால் எண்ணெய் சீக்கிரம் வெளிவந்துவிடும். ஆனால் அவர்கள் கொடுத்தது ஒன்றிரண்டு கை அளவு, அதனால் கெடுதல் வரவில்லை. அரைக் கிலோவுக்கு மேல் கொடுப்பதாக இருந்தால் ராத்திரி ஊறவைத்து முழுசாகவே கொடுங்கள். பல் தேய்ந்த கிழட்டு மாட்டுக்கு மட்டும் அரைத்துக் கொடுக்கலாம். 10 லிட்டர் மாட்டுக்கு ஒரு கிலோவே உச்சம் என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

பருத்திக்கொட்டைக்கு இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று, அதில் காசிபால் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. வளர்ந்த மாட்டின் பெருவயிறு அதைப் பெரும்பாலும் கட்டிப்போட்டுவிடும். பெருவயிறு முதிராத கன்றுக்குட்டிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, கொடுக்கவே கூடாது. பொலிகாளைக்கும் வேண்டாம், விந்தைக் கெடுக்கும். கோழிக்கும் வேண்டாம். இரண்டாவது சிக்கல் நம்மைப் போன்றவர்களுக்கானது. 2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. இன்று இந்தியாவின் பருத்திப் பரப்பில் 90 சதத்துக்கு மேல் அதுதான். கடையில் மூட்டையாக வரும் பருத்திக்கொட்டை பி.டி. இல்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நம் நாட்டு இயற்கை விவசாயச் சான்றிதழ் விதிகள் மரபணு மாற்றிய தீவனத்தை ஏற்பதில்லை. சான்றிதழை விடுங்கள், விதைக்காமல் தவிர்த்த ஒன்றை மாட்டுத் தொட்டி வழியாக உள்ளே விடுவதா என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தி போடுபவர் யாராவது தெரிந்திருந்தால் அரவைக்குப் பிறகு வரும் கொட்டையை அவரிடமே பேசி வாங்குங்கள். கிடைக்காதவர்களுக்குப் புண்ணாக்கு இருக்கிறது.

கடலைப் புண்ணாக்கு. 100 கிலோ கடலைப் பருப்பைச் செக்கில் ஆட்டினால் 40 கிலோவுக்குக் கொஞ்சம் முன்பின்னாக எண்ணெய் வரும். 55 கிலோ வரை புண்ணாக்கு நிற்கும். அந்தப் புண்ணாக்கில் எண்ணெய் 10 சதம் அளவுக்கு இன்னும் இருக்கிறது, புரதம் 40 சதத்தை ஒட்டி. எக்ஸ்பெல்லர் புண்ணாக்கில் எண்ணெய் 7, 8 சதம். சால்வென்ட் போட்டு எடுத்ததில் ஒரு சதம்தான்; ஆனால் புரதம் அதில் கூடுதல். கடலைப் புண்ணாக்கின் எதிரி பூஞ்சை. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

எள்ளுப் புண்ணாக்கை மாடு விரும்பித் தின்னும். ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பார்கள், அதன் இனிப்பு புண்ணாக்கில் தங்கிவிடும். கடலைப் புண்ணாக்கில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் எள்ளில் நிறைய. அதனால் இரண்டையும் பாதிப் பாதி கலந்து கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல். அளவுக்கு மேல் போனால் வெண்ணெய் இளகலாக வரும்.

தேங்காய்ப் புண்ணாக்கு அதற்கு நேர் எதிர். வெண்ணெய் கெட்டியாக வரும், உருட்டி எடுக்க நன்றாக இருக்கும். நெய் காய்ச்சி விற்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம். புரதம் 20 சதம் சொச்சம்தான், எண்ணெய் செக்கு ஆட்டலில் 8 முதல் 12 வரை. ஆனால் இதுபோலச் சீக்கிரம் கெடும் புண்ணாக்கு வேறில்லை. மழைக்காலத்தில் ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். சிக்கு வாடை வந்துவிட்டால் மாடே திரும்பிக்கொள்ளும்.

தவிட்டைப் பற்றி ஒரு ஏமாற்றம் இருக்கிறது. பச்சரிசி, புழுங்கலரிசி அரைத்துச் சலித்த நல்ல தவிட்டில் எண்ணெய் 12 முதல் 18 சதம் வரை உண்டு. பருத்திக்கொட்டைக்கு அடுத்தபடி நம் கைக்கு எட்டும் கொழுப்பு இதுதான். ஆனால் பெரிய ரைஸ் மில்களின் தவிடு எண்ணெய் எடுக்கப் போய்விடுகிறது. கடையில் "தவிடு" என்று சாக்கில் கிடைப்பது பெரும்பாலும் எண்ணெய் எடுத்த சக்கை. அதில் கொழுப்பு ஒரு சதம். கண்டுபிடிப்பது லேசு. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். நல்ல தவிடு கொழுக்கட்டையாக நிற்கும், உள்ளங்கையில் பிசுக்குத் தெரியும். சக்கை பொலபொலவென்று உதிரும். செய்தித்தாளில் வைத்து அழுத்தினால் எண்ணெய்க் கறை படுகிறதா என்றும் பார்க்கலாம். பழைய ஹல்லர் மில் தவிட்டில் உமி கலந்திருக்கும், வாயில் போட்டால் நறநறக்கும்; அதற்குத் தவிட்டு விலை கொடுக்காதீர்கள்.

நல்ல தவிடு கிடைத்தாலும் அரைத்த உடனே அதில் ஒரு நொதி வேலை செய்யத் தொடங்கிவிடும். எண்ணெய் காறலடித்துப் போகும். மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் இரும்புச் சட்டியில் சூடேற வறுத்து ஆறவைத்து மூடி வைக்க வேண்டும். வறுத்தால் நொதி செத்துவிடும்.

"பைபாஸ் ஃபேட்" என்று பொடியாக விற்கிறார்களே, அது என்ன என்றும் கேட்கிறார்கள். கொழுப்பு அமிலத்தைச் சுண்ணாம்புச் சத்தோடு சேர்த்துச் செய்த ஒருவகைச் சோப்பு அது. பெருவயிற்றில் கரையாது; அதனால் அங்கே நுண்ணுயிர்களைக் கெடுக்காது. அதற்கு அடுத்து அமிலம் சுரக்கும் நான்காம் வயிற்றில் பிரிந்து, குடலில் செரித்துவிடும். ஒரு நாளைக்கு 100 முதல் 200 கிராம் கொடுக்கச் சொல்வார்கள். வேலை செய்யாது என்று நான் சொல்ல மாட்டேன், செய்யும். 20 லிட்டர் கறக்கும் மாடு வைத்திருப்பவருக்கு அது இல்லாமல் கஷ்டம். ஆனால் அதன் மூலப்பொருள் பெரும்பாலும் பாமாயில் கொழுப்பு. பாமாயிலோ இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கப்பலில் வருவது. நம் தோட்டத்து எள்ளும் கடலையும் ஈடுகட்டுகிற அளவுக்குக் கறக்கும் மாட்டை வைத்துக்கொள்வதுதான் என் வழி.

ஒரு மாட்டின் கணக்கு

மேலே சொன்ன 10 லிட்டர் மாடு, கன்று போட்டு ஒரு மாதம் ஆனது. சோளத்தட்டு, வைக்கோல், பசும்புல் எல்லாம் சேர்த்து உலர் எடையில் 7 கிலோ தின்கிறது. அதில் கொழுப்பு சுமார் 120 கிராம். அடர்தீவனம் 4 கிலோ. அதில் மக்காச்சோளமும் கம்பும் 1.4 கிலோ, கொழுப்பு 55 கிராம். செக்குப் புண்ணாக்கு ஒரு கிலோ, 100 கிராம். எண்ணெய் எடுக்காத தவிடு 1.2 கிலோ, ஏறக்குறைய 170 கிராம். மீதி உளுந்துப் பொட்டு, தாது உப்பு, கல்லுப்பு; அவற்றில் கொழுப்பு என்று சொல்ல எதுவும் இல்லை. இதோடு பருத்திக்கொட்டை அரைக் கிலோ, 95 கிராம். மொத்தம் 540 கிராம். தீனியின் மொத்த உலர் எடை 11 கிலோ என்றால் கொழுப்பு 5 சதம் அளவுக்கு வந்துவிட்டது.

மாட்டுத் தீவனத்தில் கொழுப்பு, உலர் எடையில் 6 சதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. வைக்கோலை நம்பி இருக்கும் நம் மாடுகளுக்கு 5 சதத்திலேயே நிறுத்திக்கொள்வது நல்லது. இந்த மாட்டுக்கு 200 மில்லி எண்ணெயை மேலே ஊற்றினால் 6 சதத்தைத் தாண்டிவிடும். ஆனால் சக்கைத் தவிடும் சால்வென்ட் புண்ணாக்கும் போடுகிற வீட்டில், பருத்திக்கொட்டையும் இல்லாவிட்டால், இதே 11 கிலோ தீனியில் கொழுப்பு 2 சதம்தான் இருக்கும். ஒரே பெயர், ஒரே எடை, உள்ளே இருப்பது பாதிக்கும் கீழே. "நானும் அதேதானுங்க போடறேன், மாடு தேற மாட்டேங்குது" என்று சொல்பவர்கள் முதலில் தவிட்டைக் கையில் எடுத்துப் பிடித்துப் பார்க்கட்டும்.

புதிதாக எதைச் சேர்த்தாலும் பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். தாது உப்புக் கலவையை விட்டுவிடாதீர்கள். கொழுப்புக் கூடும்போது சுண்ணாம்புச்சத்தின் ஒரு பகுதி அதோடு சோப்பாகிச் சாணியில் போய்விடும். தானுவாஸ் தாது உப்பு, கறவை மாட்டுக்கு நாளைக்கு 50 கிராம் போதும்.

விலை

செக்குப் புண்ணாக்கு என்றாலே இப்போது விலை கூடுதல். எவ்வளவு கூடுதல் நியாயம்? ஒரு கிலோ செக்குப் புண்ணாக்கில் சால்வென்ட் புண்ணாக்கைவிட 90 கிராம் எண்ணெய் அதிகம். 90 கிராம் எண்ணெய் 200 கிராம் மாவுச்சத்துக்குச் சமம். சுமாராக 250 கிராம் மக்காச்சோளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்காச்சோளம் கிலோ 25 ரூபாய் என்றால் அதன் மதிப்பு 6 ரூபாய் சொச்சம். புரதம் சால்வென்டில் கூடுதல் என்பதையும் கழிக்க வேண்டும். ஆக செக்குப் புண்ணாக்குக்குக் கிலோவுக்கு 5 ரூபாய் கூடக் கொடுக்கலாம். 15 ரூபாய் கூடக் கேட்டால் மிச்சம் பத்து ரூபாய் "மரச்செக்கு" என்ற போர்டுக்குத்தான். ரசாயனம் படாத புண்ணாக்கு வேண்டும் என்ற கொள்கைக்காக நானும் கூடுதல் கொடுப்பேன். ஆனால் அதைக் கொள்கைக்குக் கொடுக்கிறேன், சத்துக்கு இல்லை என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. நம்மில் பலர் சொந்தக் கடலையை, எள்ளைச் செக்குக்குக் கொண்டுபோய் எண்ணெயை மட்டும் வாங்கிக்கொண்டு, புண்ணாக்கை ஆட்டுக்கூலிக்கு விட்டுவிட்டு வருகிறோம். 55 கிலோ புண்ணாக்கு அன்றைய விலைக்கு என்ன வரும், கூலி என்ன என்று அங்கேயே நின்று பெருக்கிப் பாருங்கள். கூலியைப் பணமாகக் கொடுத்துவிட்டுப் புண்ணாக்கை வண்டியில் ஏற்றுங்கள். மருந்து அடிக்காத நிலத்தில் விளைந்த புண்ணாக்கை விட்டுவிட்டு, யாருடையது என்று தெரியாத புண்ணாக்கை அடுத்த வாரம் அதே கடையில் வாங்குகிறோம்.

பூஞ்சை

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. காரணம் தெரியாமல் தேடியபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. அப்போது கண்டுபிடித்ததுதான் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு. அறுவடையில் மழை பட்ட கடலை, சரியாகக் காயாத கொப்பரை, ஈரத் தரையில் அடுக்கிய மூட்டை, மக்காச்சோளம், இவற்றிலெல்லாம் வரும். மாடு உடனே சாகாது. தீனி குறையும், ஈரல் கெடும், சினை நிற்காது. அதைவிட முக்கியம், நஞ்சின் ஒரு பங்கு வேறு உருவத்தில் ஒரு நாளுக்குள் பாலில் வந்துவிடுகிறது. காய்ச்சினாலும் போகாது. பாலில் இது லிட்டருக்கு அரை மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. நம் பாலைக் குடிப்பது நம் பேரப்பிள்ளைகளும்தான்.

பூஞ்சை பிடித்த புண்ணாக்கை வெயிலில் காயவைத்தாலும் கழுவினாலும் நஞ்சு போகாது. பச்சை நிறம்தான் போகும். அதை மாட்டுக்குப் போடாமல் குப்பைக்குழியில் கொட்டிவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. கட்டணம் கட்டி மாதிரி கொடுத்தால் கொழுப்பு, புரதம், அஃப்லாடாக்சின் மூன்றையும் பார்த்துச் சொல்வார்கள். சங்கமாகச் சேர்ந்து ஒரு லோடு வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் செய்யலாம். மூட்டையை மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். ஊறவைத்த புண்ணாக்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், வெயில் காலத்தில் புளித்து நுரை கட்டிவிடும்.

இயற்கை விவசாயிகள் வீட்டில் மட்டும் இருக்கும் ஒரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். நாம் நிலத்துக்கு வேப்பம் புண்ணாக்கு, புங்கம் புண்ணாக்கு, ஆமணக்குப் புண்ணாக்கு எல்லாம் வாங்கி வைக்கிறோம். ஆமணக்குப் புண்ணாக்கில் ரிசின் என்ற கடும் விஷம் இருக்கிறது. மாட்டுக்கும் குதிரைக்கும் உயிர் போகும். உடைத்துப் போட்டால் பார்வைக்கு மற்றப் புண்ணாக்கு மாதிரியே இருக்கும். வேலைக்கு வரும் புது ஆளுக்கோ விடுமுறைக்கு வந்த பிள்ளைக்கோ எது எதுவென்று தெரியாது. உரப் புண்ணாக்கைத் தீவன அறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள். தனிக் கொட்டகை, தனி முறம், தனிச் சாக்கு. காலியான ஆமணக்குச் சாக்கில் தவிடு கட்டி வைப்பதும் வேண்டாம்.